புத்தாக்க தினமும் 555 நோட்டும்

கடந்த ஆண்டு நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் புத்தாக்க தினம் கொண்டாடினார்கள். கொண்டாடினார்கள் என்று சொல்வதுதான் சரி. கேன்டீனில் பலூன் கட்டியிருந்தார்கள். பிரியாணி வந்தது. எல்லாருக்கும் ஒரே நீல நிறத்தில் டீ-சட்டை. முதுகில் 'பயப்படாமல் யோசி' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. மேலாளர் மேடையேறி, இந்தக் கம்பெனியில் பாத்ரூம் கழுவுகிறவர்கூட ஒரு புத்தாக்குநர்தான் என்றார். கைதட்டினோம். பாத்ரூம் கழுவும் பங்களாதேஷ்காரருக்கு டீ-சட்டை கிடைக்கவில்லை. அவர் குத்தகைக் கம்பெனி ஆளாம்.

விழா முடிந்து, டீ-சட்டைக்கு மேல் அங்கியை மாட்டிக்கொண்டு லைனுக்குத் திரும்பிய ஆப்பரேட்டர்களிடம் சூப்பர்வைசர் சொன்ன முதல் வாக்கியம் இது: "பேசிக்கிட்டு நிக்காதீங்க, டார்கெட்டைப் பாருங்க."

எந்தத் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டேன். எனக்கு வேலை வேண்டும். பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கிறவர்களுக்குப் பெயர் தேவைப்படாது. அவரவர் கேன்டீனில் அவரவர் பலூன் தொங்கியிருக்கும்.

அந்த விழாவில் எனக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. ஒரு கண்ணாடிக் கேடயம், முந்நூறு வெள்ளி. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கேடயம்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: நம் நிறுவனங்களில் யோசனைக்குப் பஞ்சம் இல்லை. பஞ்சம் எல்லாம் பதிலுக்குத்தான். ஒருவர் வாயைத் திறந்து ஒன்றைச் சொன்ன பிறகு, மறுநாள் அவருக்கு என்ன நடக்கிறது என்பதுதான் ஒரு நிறுவனத்தின் புத்தாக்கம். மற்றதெல்லாம் பிரியாணி.

*

இந்தத் தீவுக்குத் தொழிற்சாலைகள் வந்த கதை நமக்குத் தெரியும். ஜார்ஜ்டவுனின் சுங்கவரியற்ற துறைமுக அந்தஸ்து 1969இல் பறிபோனது. கப்பலை நம்பியிருந்த ஊரில் வேலை இல்லை. அப்போது முதலமைச்சரான லிம் சோங் இயூ, வெளிநாட்டு மின்னணுக் கம்பெனிகளை அழைத்துவந்தார். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கியது. முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளை இன்றும் 'எட்டுச் சாமுராய்கள்' என்று பெருமையாகச் சொல்வார்கள். இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972இல் இங்கேதான் கட்டியது. 1975இல் அது தீப்பிடித்து எரிந்தது, மீண்டும் கட்டினார்கள். 90களின் தொடக்கத்தில் வடிவமைப்பு மையமும் வந்தது. இன்று உலகில் நடக்கும் சிப் பொதிதல், சோதனை வேலைகளில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்கிறார்கள். பினாங்குக்கு அதில் பெரும் பங்கு.

இதை யாரும் குறைத்துப் பேச முடியாது. நானே இந்தச் சோற்றில் வளர்ந்தவன். ஆனால், ஐம்பது ஆண்டுக்கும் மேலாக இந்தத் தீவு கற்றுக்கொண்ட முதல் பாடம் ஒன்று உண்டு: அடுத்தவர் எழுதித்தந்த வேலைமுறையை ஒரு எழுத்துகூட மாற்றாமல் செய்வது. அதில் நாம் கெட்டிக்காரர்கள். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குத்தான் சம்பளம், போனஸ், நீண்ட சேவைக்கான தங்க நாணயம் எல்லாம். இப்படி ஐம்பது ஆண்டு பழக்கிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பலூன் கட்டி, இன்று மட்டும் மாற்றி யோசி என்றால் எப்படி?

என் அம்மா 1987இல், பத்தொன்பது வயதில், நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தீவுக்கு வேலைக்குப் போனார். பினாங்குப் பாலம் திறந்து அப்போது இரண்டு ஆண்டுதான். விடியற்காலை நாலரைக்குத் தோட்டத்து முச்சந்தியில் கம்பெனி பஸ். கண்ணாடிக்குக் கீழே, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அவர் லைனில் ஒரே ஒரு மெஷினில் மட்டும் கழிவு அதிகமாக வந்துகொண்டிருந்தது. மெக்கானிக் வந்து பார்ப்பார், திருகுவார், போவார். மறுபடி கழிவு வரும். அம்மா சில வாரம் கவனித்துவிட்டுச் சொன்னார்: மெஷினில் கோளாறு இல்லை, அது கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஓய்வு நேரம் முடிந்து ஆள்கள் உள்ளே வரும்போதெல்லாம் காற்றும் தூசும் வருகிறது, கதவுக்கு ஒரு பிளாஸ்டிக் திரை போட்டால் போதும்.

சூப்பர்வைசர் சிரித்தாராம். தோட்டத்து வீட்டுக்குத் திரை போடுகிற மாதிரியா என்று கேட்டாராம்.

மூன்று மாதம் கழித்து வெளியூரிலிருந்து ஒரு பொறியாளர் கருவியோடு வந்தார், தூசியை அளந்தார், அறிக்கை எழுதினார். கதவுக்குத் திரை வந்தது. கழிவு குறைந்தது. அவருக்கு விருது. அம்மாவின் லைனுக்கு ஆளுக்கொரு குடை. கம்பெனிச் சின்னம் போட்ட அந்தக் குடை ரொம்ப நாள் எங்கள் வீட்டில் இருந்தது. நான் பள்ளிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது கோபப்படவே மாட்டார். "நான் சொன்னா பேச்சு, அவர் சொன்னா ரிப்போட்டு. அவ்ளோதான்டா" என்பார்.

அம்மா கோபப்படாததுதான் எனக்குக் கோபம். அந்த ஒரு சிரிப்புக்குப் பிறகு அவர் அந்தக் கம்பெனியில் மேலும் பதினொரு ஆண்டு வேலை பார்த்தார். வேறு எதையுமே கவனிக்கவில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "நெறைய" என்றார். சொன்னீர்களா என்றேன். "எதுக்கு?" என்றார்.

அந்த 'எதுக்கு'வின் விலை என்ன என்று எந்தக் கணக்காயரும் கணக்குப் போட்டதில்லை. பதினொரு ஆண்டு ஒரு மனுசி கண்ணாடிக்குக் கீழே பார்த்ததெல்லாம் அவரோடேயே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது.

*

இப்போது நம் பிள்ளைகளின் பக்கம் வருவோம். தமிழ் நாளிதழைத் திறந்தால் மாதத்துக்கு இரண்டு தடவையாவது ஒரு படம்: அனைத்துலகப் புத்தாக்கப் போட்டியில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குத் தங்கம். நாலு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு தலைமையாசிரியர், கையில் கொடி. எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கும். ஊர்ப் பணத்தைச் சேர்த்து விமானம் ஏற்றி அனுப்பும் அந்த ஆசிரியர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். அந்த மேடையில் ஆங்கிலத்தில் பேசிவிட்டு இறங்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு முதுகெலும்பு ஒரு அங்குலம் வளர்கிறது. அது பொய்யில்லை.

ஆனால், அந்தப் போட்டிகள் பலவற்றில் தங்கம் என்பது முதலிடம் இல்லை. குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டிய எல்லாருக்கும் தங்கம். அதுகூடப் பரவாயில்லை. பரிசு வாங்கிய பிறகு அந்தக் கண்டுபிடிப்பு எங்கே போகிறது? தலைமையாசிரியர் அறைக் கண்ணாடி அலமாரிக்கு. அடுத்த ஆண்டு வேறு பிள்ளைகள், வேறு கண்டுபிடிப்பு. போன ஆண்டுப் பொருளை இன்னும் கொஞ்சம் மேம்படுத்தி, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கொடுத்து, அவர் திட்டுவதைக் கேட்டுத் திருத்தி, மறுபடி கொடுக்கும் வேலைக்குப் பதக்கம் இல்லை. புத்தாக்கம் என்றால் மேடை, ஸ்லைடு, நீதிபதி, படம் என்று பத்து வயதிலேயே கற்றுக்கொள்கிறோம். இருபத்தைந்து வயதில் கேன்டீன் பலூனுக்குக் கீழே நிற்கும்போது எதுவும் வித்தியாசமாகத் தெரிவதில்லை. எனக்கும் தெரியவில்லை.

கேடயத்தின் கதைக்கு வருகிறேன்.

நான் டெஸ்ட் இன்ஜினியர். யூ.எஸ்.எம். பொறியியல் வளாகத்தில் படித்தவன். என் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், முடிந்த சிப் சரியாக வேலை செய்கிறதா என்று மெஷின் மூலம் சோதிப்பது. ஒவ்வொரு சிப்பும் ஒரு சாக்கெட்டில் உட்காரும், சாக்கெட்டின் ஊசிகள் சிப்பின் கால்களைத் தொடும், மின்சாரம் பாயும். ஆயிரக்கணக்கான சிப் உட்கார்ந்து எழுந்த பிறகு ஊசிமுனையில் அழுக்குச் சேரும். அப்போது நல்ல சிப்பும் கெட்டது என்று வரும். அதை மறுபடி சோதிக்க வேண்டும். மெஷின் நேரம் வீண். இதற்காக ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் சாக்கெட்டைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று வேலைமுறையில் எழுதியிருக்கும்.

இரவு ஷிஃப்டில் ஒரு அக்கா. இருபது ஆண்டுக்கு மேல் அனுபவம். ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "தம்பி, நீங்க மணி பார்த்துத் தொடைக்கச் சொல்றீங்க. சாக்கெட் என்ன மணி பார்த்தா அழுக்காவுது?"

நான் சிரிக்கவில்லை. அந்த வகையில் நான் அந்தப் பழைய சூப்பர்வைசரைவிட மேல். அக்கா பையிலிருந்து ஒரு 555 நோட்டை எடுத்தார். மளிகைக்கடையில் கடன் எழுதும் அதே சின்ன நோட்டு. எந்த ரகச் சிப் ஓடும்போது, எத்தனையாவது ஆயிரத்தில் கழிவு ஏறத் தொடங்குகிறது என்று எட்டு மாதமாகக் குறித்துவைத்திருந்தார். காலில் வெள்ளீயப் பூச்சு உள்ள ரகம் சீக்கிரம் அழுக்காக்குகிறது. மற்ற ரகம் இரண்டு ஷிஃப்ட் ஓடினாலும் ஒன்றும் ஆவதில்லை. அதைத் தேவையில்லாமல் துடைக்கிறோம். இதைத் துடைக்க வேண்டிய நேரத்தில் துடைக்காமல் விடுகிறோம். அதாவது மணியைப் பார்க்காதே, எண்ணிக்கையைப் பார், ரகத்தைப் பார். இவ்வளவுதான் யோசனை. பல்கலைக்கழகத்தில் நாலு ஆண்டு படித்த எனக்கு இது தோன்றவில்லை.

நோட்டை வாங்கிப் படம் எடுத்தேன். எக்செலில் ஏற்றினேன். வரைபடம் போட்டேன். புத்தாக்க தினத்துக்கு விண்ணப்பம் கேட்டபோது அனுப்பினேன். குழு உறுப்பினர்கள் என்ற இடத்தில் என் பெயர், இன்னும் இரண்டு பொறியாளர்களின் பெயர். ஆதாரம் என்ற இடத்தில் 'களத் தரவு' என்று எழுதினேன்.

களத் தரவு என்றால் அந்த 555 நோட்டு.

ஏன் அக்காவின் பெயரைப் போடவில்லை? விண்ணப்பப் படிவத்தில் ஆப்பரேட்டருக்கு இடம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடம் இல்லாமல் இல்லை. யாரும் போடுவதில்லை, அவ்வளவுதான். போட்டால் நடுவர்கள் இது உன் யோசனையா, அவர் யோசனையா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. என் அம்மாவின் கதவுத் திரையை அளந்துவிட்டு விருது வாங்கிப் போன அந்தப் பொறியாளரை நான் சின்ன வயதிலிருந்தே வெறுத்தவன். அவர் முகம் எப்படியிருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். காலையில் பல் துலக்கும்போது பார்க்கிறேன்.

*

இதோடு நின்றிருந்தால் இது ஒரு தனிமனிதனின் அற்பத்தனம். மன்னிப்புக் கேட்டு முடித்திருக்கலாம். நான் சண்டை பிடிக்க வந்தது அடுத்து நடந்ததற்காக.

ஒன்றுமே நடக்கவில்லை.

பரிசு கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், இணையச் செய்திமடலில் போட்டார்கள். யோசனையைச் செயல்படுத்தவில்லை. வேலைமுறையை மாற்ற ஆறு துறையின் கையெழுத்து வேண்டும். நான் ஒவ்வொரு மேசையாகப் போனேன். தரத் துறை, வாடிக்கையாளரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றது. யார் கேட்பது? தெரியாது. எண்ணிக்கையைப் பார்த்து எச்சரிக்க மென்பொருளில் சின்ன மாற்றம் வேண்டும். அந்தத் துறையின் வரிசையில் முன்னால் நாற்பது வேலை. என் மேலாளர் அடுத்த காலாண்டு என்றார்.

எல்லாரையும்விட உண்மையைச் சொன்னவர் உற்பத்தி மேலாளர். "நல்ல யோசனை, தம்பி. ஆனா அந்த ரகத்தை இன்னும் அடிக்கடி நிறுத்தித் தொடைச்சா என் மணிக்கணக்கு எண்ணு கொறையும். மிச்சமாகுற காசு ஒங்க டெஸ்ட் துறைக் கணக்குலதான் தெரியும். மாசக் கடைசில திட்டு வாங்கப்போறது நானு" என்றார்.

எனக்கு அந்த ஆள் மேல் கோபம் வரவில்லை. ஒரு புத்தகம் சொல்லித்தராததை அவர் நாலு வரியில் சொல்லித்தந்தார். எந்தப் புது யோசனைக்கும் ஒரு செலவு உண்டு, ஒரு லாபம் உண்டு. செலவு ஒருவர் தலையிலும் லாபம் இன்னொருவர் மடியிலும் விழுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, 'உன் எண் குறைந்தால் நான் கேட்க மாட்டேன், செய்' என்று சொல்ல மேலே ஒருவர் வேண்டும். புத்தாக்கத்தை நிர்வகிப்பது என்றால் இதுதான். பலூன் கட்ட வெளியில் ஆள் கிடைக்கும். இதைச் சொல்ல மேலாளரைத் தவிர வேறு ஆள் கிடையாது. அவருக்கு அதிகச் சம்பளம் கொடுப்பதே இதற்குத்தான்.

இது பினாங்கின் நோய் மட்டும் இல்லை. 1975இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் உலகின் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். மூன்றரைக் கிலோவுக்கும் மேல் எடை; ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி. கோடாக்குக்கு யோசனை இருந்தது, பொறியாளர் இருந்தார், பிறகு காப்புரிமையும் வந்தது. ஆனால், லாபம் எல்லாம் ஃபிலிமில். கேமரா வளர்ந்தால் அடி விழுவது ஃபிலிம் துறையின் தலையில். அதைத் தாங்குகிறேன் என்று மேலே யாரும் மனதாரச் சொல்லவில்லை. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. நம் உற்பத்தி மேலாளர் சொன்ன அதே கதை, கொஞ்சம் பெரிய தொகையில்.

சில மூத்தவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். சிப் தொழிற்சாலை விளையாட்டு மைதானம் இல்லை. ஆளாளுக்கு மாற்ற விட்டால் தரம் என்ன ஆகும். ஒரு சின்ன மாற்றம் காரில் போய் உட்கார்ந்து ஆளைக் கொல்லலாம். நியாயமான பயம். ஆறு கையெழுத்தும் அந்தப் பயத்தில் வந்தவைதான். நான் கையெழுத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. முடியாது என்றால் முடியாது என்று, காரணத்தோடு, ஒரு தேதிக்குள் சொல்லச் சொல்கிறேன்.

கட்டுப்பாடு இருந்தால் யோசனைக்கு இடமில்லை என்பவர்கள் டொயோட்டாவைப் பார்க்கலாம். அதைவிடக் கட்டுப்பாடான தொழிற்சாலை எது? 1950இல் எய்ஜி டொயோடா அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையைப் பார்க்கப் போனார். அங்கே கண்டவற்றில் தொழிலாளர் யோசனைத் திட்டமும் ஒன்று. அடுத்த ஆண்டே, 1951இல், தங்கள் ஆலையில் அதைத் தொடங்கினார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அவர்களுடைய லைனுக்கு மேலே ஓடும் கயிறு. கோளாறு கண்ட எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். இழுத்தால் விளக்கு எரியும். குழுத் தலைவர் அந்த இடத்துக்கு ஓடி வர வேண்டும். குறித்த இடம் தாண்டுவதற்குள் சரியாகவில்லை என்றால் லைன் நிற்கும். அந்தக் கயிற்றின் மகத்துவம் கயிற்றில் இல்லை, ஓடி வரும் ஆளில் இருக்கிறது. நம் ஊரில் கயிறு கட்டுவார்கள். இழுத்தவர் யார் என்று கண்டுபிடிக்க கேமராவும் வைப்பார்கள்.

நம் மொழி பேசும் மண்ணிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1976இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, தன் 58ஆம் வயதில், மதுரையில் பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களால்தான் அறுவை செய்தார். அரவிந்தின் பெருமையை எல்லாரும் அவருடைய தியாகத்தில் தேடுவார்கள். நான் ஒரு டெஸ்ட் இன்ஜினியராகப் பார்க்கிறேன். ஒரு அறையில் இரண்டு மேசை. மருத்துவர் ஒன்றில் அறுவை செய்யும்போது மற்றதில் அடுத்த நோயாளி தயார். பரிசோதனை, தயார்ப்படுத்தல், பிந்தைய கவனிப்பு என்று அறுவையைச் சுற்றியுள்ள பெரும்பாலான வேலையைச் செய்கிறவர்கள், கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்போடு வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள். என் அம்மா மாதிரியான பெண்கள். அந்த வேலைக்கு அவர்களைத் துணை என்று வைக்காமல் தூண் என்று வைத்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் செயற்கை வில்லையின் இறக்குமதி விலை ஏழைக்கு எட்டவில்லை என்றபோது, அது எங்கள் துறை இல்லை என்று யாரும் கையை விரிக்கவில்லை. 1992இல் ஆரோலேப் என்று சொந்த ஆலையைத் தொடங்கி, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விலைக்கு வில்லையைக் கொண்டுவந்தார்கள். ஒரு பிரச்சினை வந்தால் அதன் பாரத்தை நிறுவனம் தன் தலையில் வாங்கிக்கொண்டது. அதற்கு யாரும் புத்தாக்க தினம் என்று பெயர் வைக்கவில்லை.

*

இலக்கிய இதழில் சாக்கெட் அழுக்கைப் பற்றி எதற்கு இவ்வளவு என்று கேட்கலாம். நம் தமிழ் அமைப்புகளைக் கொஞ்சம் பாருங்கள். சங்கம், மன்றம், ஆலய நிர்வாகம், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். இளைஞர்கள் முன்வர வேண்டும் என்று ஆண்டுக் கூட்டத்தில் முழங்குவார்கள். முன்வந்த இளைஞரிடம் நாற்காலி அடுக்கும் வேலையைக் கொடுப்பார்கள். அவர் ஒரு யோசனை சொன்னால், நல்லாருக்கு தம்பி, அறிக்கையா எழுதிக் குடுங்க என்பார்கள். எழுதிக் கொடுத்தவர் அடுத்த ஆண்டு வருவதில்லை. பிறகு இன்றைய இளைஞர்களுக்கு ஆர்வம் இல்லை என்று அதே மேடையில் பேசுவார்கள். அரசாங்க அலுவலகங்களில் கே.எம்.கே. என்றிருந்த குழு 2009இல் கே.ஐ.கே. ஆனது, பெயரில் புத்தாக்கமும் படைப்பாற்றலும் சேர்ந்தன. பெயரை மாற்றுவது எல்லாருக்கும் எளிது. யார் பேச்சு பேச்சாகவே போகிறது, யார் பேச்சு ரிப்போர்ட் ஆகிறது என்பதை மாற்றுவதுதான் கஷ்டம். சொல்லைப் பற்றி அக்கறைப்படும் இதழுக்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் எனக்குத் தெரியவில்லை.

2024 மே மாதம் பிரதமர் தேசிய செமிகண்டக்டர் வியூகத்தை அறிவித்தார். குறைந்தது 25 பில்லியன் ரிங்கிட் ஒதுக்கீடு, 60,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி. அடுத்த ஆண்டு மார்ச்சில், பிரிட்டனின் ஆர்ம் நிறுவனத்திடமிருந்து வடிவமைப்பு அறிவைப் பெற, பத்து ஆண்டில் 250 மில்லியன் அமெரிக்க டாலர் தருவதாக அரசு ஒப்பந்தம் போட்டது. பொதிவதிலிருந்து வடிவமைப்பதற்கு ஏற வேண்டும் என்கிறார்கள். ஏற வேண்டும்தான். நானும் ஏறத்தான் ஆசைப்படுகிறேன். ஆனால், அறுபதாயிரம் பேரைப் படிக்கவைத்து எந்தக் கட்டடத்துக்குள் அனுப்பப் போகிறோம்? ஆறு மேசைக்கு அலைந்து, ஒரு ஆண்டில் வாயை மூடக் கற்றுக்கொள்ளும் கட்டடத்துக்குள்தானே? வடிவமைப்பு அறிவைக் காசு கொடுத்து வாங்கலாம். இது தப்பு என்று சொல்கிறவரைத் தாங்கும் பழக்கத்தை விற்க பிரிட்டனிலும் கடை இல்லை. நல்ல பொறியாளர்களில் சிலர் அந்தக் கட்டடத்திலிருந்து வெளியேறிச் சொந்தமாகத் தொடங்குகிறார்கள். 2000இல் இங்கே விட்ராக்ஸைத் தொடங்கியவர்கள் பன்னாட்டுக் கம்பெனியில் வேலை பார்த்த உள்ளூர்ப் பொறியாளர்கள்தான். இன்று சோதனை மெஷின்களை உலகத்துக்கு விற்கிறார்கள். அதைக் கொண்டாடுவோம். கூடவே, 555 நோட்டு வைத்திருக்கும் அக்காவால் ராஜினாமா செய்து கம்பெனி தொடங்க முடியாது என்பதையும் நினைவில் வைப்போம். அவருக்கு இந்தக் கட்டடம்தான்.

எனவே நிர்வாகிகளுக்கு என் கோரிக்கை மிகச் சின்னது, பைசா செலவில்லாதது. அடுத்த ஆண்டு புத்தாக்க தினத்தை ரத்து செய்யுங்கள். அதற்குப் பதிலாக, கடந்த மூன்று ஆண்டில் பரிசு வாங்கிய யோசனைகளின் பட்டியலைக் கேன்டீன் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றே கட்டம்: முதலில் சொன்னவர் யார், இப்போது யார் மேசையில் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் பதில். பிரியாணி வேண்டுமானால் போடுங்கள். அந்தப் பட்டியலின் முன்னால் நின்று சாப்பிடுவோம்.

என் சக பொறியாளர்களுக்கும் ஒன்று. மேலே இருப்பவர்களைத் திட்டுவது சுலபம். நான் இவ்வளவு நேரம் அதைத்தான் செய்தேன். நாம் திருடுவதை நிறுத்த நிர்வாகத்தின் கையெழுத்து தேவையில்லை.

போன மாதம் இரவு ஷிஃப்டில் அந்த அக்காவைப் பார்த்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஷிஃப்ட் மாறும் மணிக்கு சாக்கெட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், வேலைமுறையில் எழுதியிருந்தபடியே. "தம்பி, அந்த நோட்டு விசயம் என்னாச்சு?" என்று கேட்டார். பரிசைப் பற்றி அவருக்குத் தெரியும். செய்திமடல் கேன்டீன் திரையில் ஒரு வாரம் ஓடியது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலையைப் பற்றித்தான் கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் போடாததையும் சேர்த்து. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சரி, வேற ரகம் ஒண்ணு வந்திருக்கு, அது இன்னும் மோசம்" என்றார்.

நோட்டை எடுக்கப் பைக்குள் கையை விட்டவர், என்ன நினைத்தாரோ, வெறுங்கையாக எடுத்துக்கொண்டார்.

மறுவாரம் விண்ணப்பத்தைத் திருத்தி, அவர் பெயரை முதலில் போட்டு, ஆறு துறைக்கும் மறுபடி அனுப்பியிருக்கிறேன். இதை எழுதும் இன்றுவரை ஒரு மேசையிலிருந்தும் பதில் இல்லை.